ஏரா முதலில்: விண்கப்பல் கட்ட எந்தச் செயலி?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு கதை எழுதினாள். பாம்பனிலிருந்து போன மீனவக் குடும்பம் ஒன்றின் ஆறாம் தலைமுறைப் பெண்பிள்ளை, சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலில் பிறக்கிறாள். கப்பலின் பெயர் ஆவுளியா. கடல்பசுவுக்கு நம் கரையில் வழங்கும் பெயர் அது. கதையை வாசித்துக் காட்டிவிட்டு, “மாமா, இந்தக் கப்பலைச் செஞ்சு தாங்க. சுத்திச் சுத்திப் பாக்கணும்” என்றாள்.

ராமநாதபுரத்தில் வீட்டு எலிவேஷன் படம் செய்து கொடுப்பது என் தொழில். கம்ப்யூட்டரில் சுவர் நிறுத்தி, ஜன்னல் வைத்து, பெயின்ட் அடித்து, வீடு கட்டுகிறவருக்கு முன்கூட்டியே காட்டுவேன். அப்பா கீழக்கரையில் ஓடாவியாக இருந்தவர். வள்ளம் கட்டும் கொட்டகையில் மரச்சீவலுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அதனால் செய்யலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். எதில் செய்வது என்று முடிவெடுக்கத்தான் ஆறு வாரம் ஆனது. ஒரே கப்பலை ஐந்து செயலிகளில் கட்டிப் பார்த்தோம். இதே கேள்வியோடு இருக்கும் ஒருவருக்கு அந்த ஆறு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செயலிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கப்பல் எதற்கு? அவளுக்கு மூன்று தேவை. கதையை வைத்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும்; அதில் கப்பல் பறக்க வேண்டும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் மேசைமேல் வைக்க ஒரு முப்பரிமாணப் பிரிண்ட் வேண்டும். கதையில் வரும் தூரம், வேகம், சுற்று எல்லாம் கப்பலின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். காண்பது, தொடுவது, கணக்கிடுவது என்று மூன்றும் மூன்று வேலை. ஒன்றுக்கு நல்ல செயலி மற்றொன்றுக்குச் சுமையாகிவிடுகிறது. இது எனக்கு நான்காவது வாரத்தில்தான் உறைத்தது.

ஓடாவி வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஏரா, அதாவது அடிமரம். பிறகு அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) மரம் நிறுத்துவார்கள். பிறகு வங்கு, விலா எலும்பு மாதிரி. அதற்குப் பிறகுதான் பலகை. கடைசியில் பலகைக்குப் பலகை உள்ள இடைவெளியில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றிக் கலப்பத்து அடிப்பார்கள். கம்ப்யூட்டரில் விண்கப்பல் செய்ய உட்காரும் பலர் பலகையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அழகான மேல்தோலை இழுத்து இழுத்துச் செய்துவிட்டு, உள்ளே ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று பிறகு தேடுகிறார்கள். நாங்கள் ஏராவிலிருந்து தொடங்கினோம்.

பிராக்சிமா 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் கடக்க 75,000 ஆண்டு பிடிக்கும். ஆறு தலைமுறைக்குள் போய்ச்சேர ஒளியின் வேகத்தில் 3 சதவீதம் வேண்டும். அப்போது 141 ஆண்டு. விநாடிக்கு 9,000 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தூசி மோதினாலும் அது குண்டுதான். எனவே அணியத்தில் தடித்த தட்டு வேண்டும். 1970களில் பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கம் திட்டமிட்ட டீடலஸ் என்ற ஆளில்லாக் கப்பலுக்கும் முகப்பில் பெரிலியம் தட்டு வைத்திருந்தார்கள். அதற்கு ஒளி வேகத்தில் 12 சதவீதம், மொத்த எடை 54,000 டன் என்று கணக்கு.

அடுத்து வெப்பம். விண்வெளியில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. இயந்திரச் சூட்டைக் கதிராக வெளியே வீசுவது ஒன்றே வழி. அதற்குப் பரந்த தகடுகள் வேண்டும். சூடு கூடக் கூடத் தகட்டின் பரப்பு வேகமாகச் சுருங்கும், ஏனென்றால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 100 மெகாவாட் கழிவுச் சூட்டை 1,000 கெல்வினில், இருபக்கமும் வீசும் தகட்டில் வெளியேற்ற 900 சதுர மீட்டர் போதும். அதையே 300 கெல்வினில் செய்ய ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். 1,000 கெல்வினில் தகடு மங்கிய சிவப்பில் கனலும். அவள் இதைக் கேட்டதும் அந்தத் தகடுகளுக்குப் பாய் என்று பெயர் வைத்துவிட்டாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆக ஏரா என்பது நீளமான ஒரு நடுத்தண்டு, 700 மீட்டர். அணியத்தில் தட்டு, நடுவில் ஆட்கள் வாழும் சுழல் வளையம், பின்னால் பாய்கள், அமரத்தில் இயந்திரம். இயந்திரத்தின் தள்ளுவிசை கப்பலின் எடைமையம் வழியே போக வேண்டும். தவறினால் கப்பல் முன்னே போகாமல் கரணம் போடும். சரக்கை ஒரு பக்கமாக ஏற்றிய தோணி எப்படிச் சாயும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி செயலிகள்.

நான் தினமும் கையாள்வது ஸ்கெட்சப். கைப்பழக்கம் இருப்பதால் அதில்தான் முதலில் தொடங்கினேன். கோடு போட்டு, கோடுகள் அடைக்கும் தட்டைப் பரப்பை, அதாவது முகத்தை, இழுத்தால் பெட்டி எழுந்துவிடும். அரை மணி நேரத்தில் நடுத்தண்டும் இயந்திர அறையும் நின்றன. வளையத்தில்தான் மாட்டியது. ஸ்கெட்சப்பில் வட்டம் உண்மையில் வட்டம் அல்ல. நாம் மாற்றாவிட்டால் 24 பக்கமுள்ள பலகோணம். வீட்டுத் தூணுக்கு அது கண்ணில் படாது. எங்கள் வளையம் கடைசியில் எட்டிய 224 மீட்டர் ஆரத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் கிட்டத்தட்ட 2 மீட்டர் உள்வாங்கி நிற்கும். பக்கங்களைக் கூட்டலாம், கூட்டினால் அந்த வளையத்தைத் தொடும் ஒவ்வொரு பொருளுக்கும் கோடுகள் பெருகி, ஒரு மூலையை உருட்டி மழுக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். இருதிசை வளைவுள்ள தோலுக்காகக் கட்டிய கருவி அல்ல அது. உங்கள் கப்பல் கோண முனைகளோடு கட்டடம் மாதிரி இருக்கிறதென்றால், வீட்டு வேலையில் பழகியவர்கள் இதிலேயே செய்யலாம். வளைவு வேண்டுமென்றால் பழக்கத்தை நம்பி அதில் உட்காராதீர்கள். எனக்குப் பத்து நாள் போனது.

டிங்கர்கேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருமையானது. பிரவுசரில் ஓடும், காசில்லை, பெட்டியும் உருளையும் கூம்பும் எடுத்து ஒட்டலாம், துளை போடலாம். அவள் ஒரே மாலையில் ஒரு கப்பல் செய்து காட்டினாள். பிரிண்டுக்கு அது நேராகப் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் கப்பல் செய்ய யாராவது வழி கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். அதற்குமேல் வளர்க்க முடியாது, இணையம் இல்லாத இடத்தில் திறக்கவும் முடியாது. எங்கள் தெருவில் மழைக்காலத்தில் இணையம் போனால் இரண்டு நாளுக்கு வராது.

ஓப்பன்ஸ்கேட் தனி வகை. அதில் கையால் எதையும் இழுக்க முடியாது. நிரலாக எழுதினால் உருவம் வரும். பிளஸ் 1 கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் படிக்கிறவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. வளையத்தின் ஒரு துண்டை எழுதி, 15 பாகைக்கு ஒன்றாக 24 முறை சுற்று என்று ஒரு வரி கொடுத்தாள், வளையம் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளுக்கு இதைவிடத் துப்புரவான வழி இல்லை. கப்பலின் தோலை நிரலில் எழுதுவதோ, கண்ணால் பார்க்காமல் ஒருவர் முகத்தை வார்த்தையால் செதுக்குவது போல ஆகிவிடும்.

உண்மையான போட்டி ஃப்ரீகேடுக்கும் பிளெண்டருக்கும்தான். இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தது, இரண்டும் கம்ப்யூட்டரில் நிறுவிய பிறகு இணையம் கேட்காது. ஆனால் இரண்டும் உலகத்தைப் பார்க்கும் விதமே வேறு.

ஃப்ரீகேடில் அளவுதான் பொருள். ஒரு தளத்தில் கோட்டுப்படம் வரைவோம், ஒவ்வொரு கோட்டுக்கும் நீளமும் கோணமும் கட்டுவோம், அதைத் தடிமனாக்குவோம், சுழற்றுவோம், குடைவோம். அளவுகளை எல்லாம் ஓர் அட்டவணையில் எழுதி, வரைபடத்தை அதோடு பிணைத்து வைக்கலாம். இந்த வசதியின் அருமை எங்களுக்கு மூன்றாவது வாரத்தில் தெரிந்தது.

அவள் கதையில் வளையத்தின் ஆரம் 30 மீட்டர் என்று எழுதியிருந்தாள். உள்ளே பூமியில் நிற்பது போல எடை இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். சுழலும் வளையத்தில் கிடைக்கும் எடை, சுற்று வேகத்தின் இருமடியை ஆரத்தால் பெருக்கி வருவது. 30 மீட்டரில் பூமி எடை வேண்டுமென்றால் வளையம் நிமிடத்துக்கு ஐந்தரைச் சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே பலருக்கும் கிறுகிறுக்கும். குனிந்து குழந்தையைத் தூக்க முடியாது. நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் தாங்கலாம். அதற்கு ஆரம் 224 மீட்டர். கணக்கைக் காட்டியதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப கதையையே மாத்தணும் மாமா. அவ்வளவு பெரிய வளையம்னா அது தெரு இல்ல, ஊரு” என்றாள். வளையத்தை வெட்டி நேராக நீட்டினால் 1,407 மீட்டர். பாம்பன் பாலத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

ஃப்ரீகேட் அட்டவணையில் 30 என்று இருந்த இடத்தில் 224 என்று அடித்தேன். வளையம் விரிந்தது, ஆரக்கால்கள் நீண்டன, 24 துண்டுகளும் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. ஒரே ஒரு மூலை மழுக்கல் மட்டும் சிவப்புக் குறி காட்டியது. முதலில் வரைந்ததை மாற்றினால் பிறகு செய்தவை எந்த விளிம்பில் நிற்க வேண்டும் என்று தடுமாறுவது இந்தச் செயலியின் பழைய நோய். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். பழைய பாடங்களைப் பார்த்துப் பழைய பதிப்பை நிறுவாதீர்கள். இதே மாற்றத்தைப் பிளெண்டர் கோப்பில் செய்ய எனக்கு ஒரு முழு மாலை ஆனது.

பிறகு ஏன் ஃப்ரீகேடோடு நிற்கவில்லை? தோல்தான் காரணம். அணியத்திலிருந்து வளையத்தின் அச்சுவரை மெல்லப் பருத்து, ஓரிடத்தில் ஒடுங்கி, மறுபடி பருக்கும் ஒரு தோல் வேண்டும் என்று அவள் வரைந்து தந்திருந்தாள். ஆவுளியாவின் முதுகு அது. ஃப்ரீகேடில் குறுக்குவெட்டுகளை வரிசையாக வைத்து அவற்றினூடே தோலை ஓட்டலாம். ஓட்டினேன். கணக்கில் பிசகில்லை, ஆனால் தோல் சில இடங்களில் முறுக்கிக்கொண்டது. முறுக்கை எடுத்தால் வளைவு செத்தது. கடைசியில் நின்றது ஒரு நல்ல நீர்மோட்டார் மாதிரி இருந்தது. உயிருள்ள ஒரு வளைவை “இங்கே கொஞ்சம் உள்ளே, அங்கே கொஞ்சம் வெளியே” என்று கண் பார்த்துத் திருத்த அங்கே இடமில்லை.

பிளெண்டர் அதற்கென்றே பிறந்தது. 1990களின் நடுவில் நெதர்லாந்தில் ஒரு சிறு ஸ்டுடியோவின் சொந்த உபயோகத்துக்காக டோன் ரோசன்டால் எழுதியது. பின்னால் அதை விற்ற நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் ஏழு வாரத்தில் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ திரட்டி, அதன் நிரலை விலைக்கு வாங்கி எல்லாருக்குமாகத் திறந்துவிட்டார்கள். மண்டபம் ஊரில் இருந்துகொண்டு ஒரு பதினாறு வயதுப் பெண் அதே கருவியைக் கையில் எடுக்க முடிகிறது என்றால் அந்த ஏழு வாரத்தால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அதில் எல்லாம் புள்ளி, விளிம்பு, முகம். புள்ளியைப் பிடித்து இழுத்தால் தோல் அதோடு வரும். கப்பலின் ஒரு பாதியை மட்டும் செய்தால் கண்ணாடிப் பிம்பமாக மறுபாதி தானே நிற்கும். கட்டம் கட்டமான முரட்டுத் தோலைக் கொடுத்தால் அதை நுணுக்கி வழவழப்பாக்கித் தரும். இந்த முறையைக் கேட்மலும் கிளார்க்கும் 1978இல் வெளியிட்டார்கள். ஒரு படி ஏற்றினால் ஒரு முகம் நான்காகும். 2,000 முகமுள்ள தோல் இரண்டு படியில் 32,000, மூன்று படியில் 1,28,000. வேலை செய்யும்போது ஒரு படியும், படம் எடுக்கும்போது மூன்று படியும் வைத்துக்கொண்டால் சின்ன லேப்டாப்பும் மூச்சு வாங்காது.

விளிம்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்டபத்தில் கரையேற்றி வைத்த ஃபைபர் படகு ஒன்றை விடியற்காலையில் கிட்டே போய்ப் பார்த்தேன். பக்கமும் மேல்விளிம்பும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு, நூல் கனத்துக்கு, அணியத்திலிருந்து அமரம்வரை ஓடியது. அந்த மூலை கத்தி முனை அல்ல. ஒரு விரல்நுனி அளவுக்கு உருண்டிருந்தது. அந்த உருட்டில்தான் சூரியன் பிடித்தது. கம்ப்யூட்டரில் செய்யும் விளிம்பு அப்படி உருளாது. நாம்தான் உருட்ட வேண்டும். பிளெண்டரில் அதற்குப் பெவல் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்ட நிமிடத்தில் அதுவரை அட்டைப்பெட்டியாக இருந்த இயந்திர அறை இரும்பாகிவிட்டது. பெவல் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தால் பயப்பட வேண்டாம்: பொருளை நீட்டிச் சுருக்கிய கணக்கை முதலில் நிலைப்படுத்த வேண்டும், கன்ட்ரோலும் ஏயும் அழுத்தி ஸ்கேல். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இங்கே ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

தோலின் மேல் கோடுகள் போடும்போது அப்பா வேலை கைகொடுத்தது. விண்கப்பல் படங்களில் தகடு தகடாகப் பிரித்த கோடுகள் இருக்கும். பெரும்பாலோர் அதைக் கட்டம் போட்ட நோட்டு மாதிரிப் போடுகிறார்கள். அதனால் கப்பல் குளியலறைச் சுவர் ஆகிவிடுகிறது. வள்ளத்தில் பலகை நீளவாக்கில் ஓடும், வளைவு கூடும் இடத்தில் ஒடுங்கும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் முட்டு ஒருபோதும் ஒரே நேர்கோட்டில் வராது; வந்தால் படகு அங்கேதான் பிளக்கும். ஒரு பலகையின் முட்டு ஒரு வங்கின்மேல் என்றால் அடுத்ததன் முட்டு இரண்டு மூன்று வங்கு தள்ளி. ஆவுளியாவின் தகடுகளையும் அப்படியே ஓட்டினேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, “இது யாரோ கட்டினது மாதிரி இருக்கு மாமா” என்றாள். நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான்.

அளவு விஷயத்தில் பிளெண்டர் கொஞ்சம் ஏமாற்றும். கடலில் தூரத்துப் படகு தூரத்தில் இருக்கிறது என்று நமக்குச் சொல்வது காற்று. அரிச்சல்முனையில் நின்று பார்த்தால் தொலைவில் போகும் விசைப்படகு வெளுத்து, நீலம் பூத்து, விளிம்பு கலைந்து தெரியும். விண்வெளியில் காற்றில்லை. 700 மீட்டர் கப்பலும் 70 சென்டிமீட்டர் பொம்மையும் ஒரே கூர்மையில், ஒரே கறுத்த நிழலோடு தெரியும். எனவே பெரிது என்ற உணர்வைக் காட்ட நமக்குத் தெரிந்த அளவுள்ள பொருள்கள் கப்பலில் வேண்டும்: ஜன்னல், கைப்பிடி, கதவு. வேலை செய்யும்போது என் கண்ணே ஏமாறாமலிருக்க, புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப்பாலப் பகுதியை, 72.5 மீட்டர், எளிய பெட்டியாகச் செய்து கோப்பில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். வளையத்தின் ஒரு துண்டு 58.6 மீட்டர். தூக்குப்பாலத்தைவிடக் கொஞ்சம் சின்னது. பாலத்தில் ரயில் போய்ப் பார்த்த எவருக்கும் அந்த ஒப்பீடு உடனே விளங்கும். உங்கள் ஊரில் எது தினமும் கண்ணில் படுகிறதோ அதைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

செதுக்கும் முறையையும் ஒரு மாலை பார்த்தோம். பிளெண்டருக்குள்ளேயே களிமண் மாதிரிப் பிசையும் வசதி இருக்கிறது. உயிரினம் போன்ற கப்பலுக்கு அது பொருந்தும். ஆனால் லட்சக்கணக்கில் முகங்கள் குவிந்து, பிறகு அத்தனையையும் ஒழுங்குபடுத்தி மறுபடி கட்ட வேண்டியிருக்கும். உருவத்தை யோசிக்கத்தான் வேண்டுமென்றால் கண்மாய்க் களிமண்ணில் உள்ளங்கை அளவுக்குப் பிடித்துப் பார்ப்பது சீக்கிரம் முடியும். அவள் அப்படித்தான் அந்த முதுகைக் கண்டுபிடித்தாள்.

கம்ப்யூட்டர் எவ்வளவு தாங்கும் என்பதும் முடிவில் சேர வேண்டும். பிளெண்டரின் புதிய பதிப்புகள் 8 ஜிபி மெமரியும் ஓரளவு புதிய கிராபிக்ஸும் கேட்கின்றன. அவளிடம் இருப்பது 4 ஜிபி உள்ள பழைய லேப்டாப். புதியது அதில் திறக்கவே இல்லை. பழைய பதிப்புகள் எல்லாம் பிளெண்டரின் தளத்திலேயே பத்திரமாக இருக்கின்றன, 2.79 எடுத்துப் போட்டோம், ஓடியது. ஆனால் 2019இல் வந்த 2.80க்குப் பிறகு முகப்பே மாறிவிட்டது. அதற்கு முன் வலது கிளிக்கில்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பாடத்தைப் பார்த்துப் பழைய பதிப்பில் செய்ய முயன்றால் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். பதிப்புக்கேற்ற பாடத்தைத் தேடிக்கொடுங்கள்.

பிளெண்டரில் படம் எடுப்பதில் இரண்டு வழி. சைக்கிள்ஸ் ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நேர்மையாக வரையும், நேரம் எடுக்கும். ஈவீ வேகமாக வரையும், சில இடத்தில் தோராயம். என் கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்குச் சைக்கிள்ஸ் 9 நிமிடம், ஈவீ 25 விநாடி. 12 விநாடிக் காட்சி என்றால் 288 படம். சைக்கிள்ஸில் 43 மணி நேரம், ஈவீயில் 2 மணி நேரம். விண்வெளிக் காட்சியில் ஒரே சூரியன், கறுத்த நிழல், சுற்றிலும் பிரதிபலிக்க எதுவும் இல்லை. சைக்கிள்ஸின் பெருமை எல்லாம் சுவருக்குச் சுவர் சிதறும் வெளிச்சத்தில்தான். இங்கே அது குறைவு. குறும்படத்துக்கு ஈவீயே போதும் என்பது என் தீர்ப்பு. கனலும் பாய்களுக்கு மட்டும், 1,000 கெல்வின் என்று எண் கொடுத்தால் அதற்குரிய நிறம் தரும் வசதியைப் பயன்படுத்தினேன். எதில் எடுத்தாலும் நேராக வீடியோவாக எடுக்காதீர்கள். தனித்தனிப் படங்களாகச் சேமியுங்கள். ஒருமுறை 200 படம் ஓடிய பிறகு மின்சாரம் போய், முழு வீடியோவும் திறக்காத கோப்பாகிவிட்டது. தனிப் படமாக இருந்தால் 201இலிருந்து தொடர்ந்திருக்கலாம். கேமரா எவ்வளவு தூரம்வரை பார்க்கும் என்ற எண்ணையும் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அமரம் வெட்டுப்பட்டுக் காணாமல் போகும்.

பிரிண்டில் ஃப்ரீகேட் மறுபடி மேலே வந்தது. பிரிண்டருக்கு மாடல் முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும், எங்கும் ஓட்டை கூடாது. கலப்பத்து அடிக்காத வள்ளத்தில் கடல் ஏறுவதுபோல, மூடாத ஒரு விளிம்பு இருந்தாலும் எது உள், எது வெளி என்று தெரியாமல் பிரிண்ட் குழம்பும். ஃப்ரீகேடில் பிறக்கும் உருவம் பெரும்பாலும் திடப்பொருளாகவே பிறக்கும். பிளெண்டரில் நாம்தான் ஒவ்வொரு பொத்தலாகத் தேடி அடைக்க வேண்டும். தேடித்தர ஒரு துணைக்கருவி உண்டு.

அளவும் உதைத்தது. 448 மீட்டர் விட்டமுள்ள வளையத்தை 2,000இல் ஒன்றாக்கினால் 224 மில்லிமீட்டர். நாங்கள் நம்பியிருந்த பிரிண்டரின் மேடை 220 மில்லிமீட்டர். 2,500இல் ஒன்றாக்கினோம்: வளையம் 179 மில்லிமீட்டர், கப்பல் 280, அதனால் இரண்டு துண்டு. அந்த அளவில் ஒரு மீட்டர் தடிமன் 0.4 மில்லிமீட்டர் ஆகிறது. பிரிண்டரில் பிளாஸ்டிக் உருகி வரும் முனையின் துளையே 0.4 மில்லிமீட்டர்தான். அதைவிட மெல்லியது எதுவும் பிரிண்டில் வராது. ஆரக்கால்களுக்கு ஃப்ரீகேட் அட்டவணையில் பிரிண்டுக்கென்று தனித் தடிமன் எழுதி வைத்தேன். ஓர் எண்ணை மாற்றினால் போதும். பிரிண்டர் உருக்கி அடுக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை நம் கரைக் காற்றில் ஈரம் குடித்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால் பிரிண்டில் நூல் நூலாகத் தொங்கும். பிரிண்ட் செய்ததை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 60 டிகிரிக்குப் பக்கத்தில் பிஎல்ஏ துவண்டுவிடும்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. ஏராவும் வங்கும் ஃப்ரீகேடில், பலகை பிளெண்டரில். ஃப்ரீகேடில் ஒரு மில்லிமீட்டரை ஒரு மீட்டராக வைத்து எலும்புக்கூட்டை வரைந்து, எஸ்டிஎல் என்ற முப்பரிமாண உருவக் கோப்பாக எடுத்துப் பிளெண்டருக்குக் கொண்டுபோனோம். அளவு மாறாமல் அப்படியே பொருந்தியது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, மேலே தோல் போர்த்தினோம். வளையத்தின் ஆரம் மறுபடி மாறினால் எலும்புக்கூடு மட்டும் புதிதாக வரும், தோலை அதற்கேற்ப இழுத்துக்கொள்ளலாம்.

இரண்டைக் கற்க நேரமில்லை, ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால்: படமோ வீடியோவோதான் நோக்கம் என்கிறவர் பிளெண்டரை எடுத்து, அளவுகளை முதலிலேயே நோட்டில் எழுதி, கணக்குப் போட்டு முடித்துவிட்டு உட்காருங்கள். மேசைமேல் நிற்க வேண்டும், கழன்று மாட்ட வேண்டும், வளையம் உண்மையில் சுற்ற வேண்டும் என்கிறவர் ஃப்ரீகேடை எடுங்கள். தொழிலுக்காக என்னிடம் ஏற்கெனவே இருந்த ஸ்கெட்சப்பைத் தவிர, பணம் கட்டி வாங்கும் பெரிய செயலிகளை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆண்டுக்காண்டு கட்டணம் கட்டும் கருவியில் ஒரு பள்ளிப் பிள்ளையின் கப்பலைக் கட்டிவிட்டு, கட்ட முடியாத ஆண்டில் அவள் கோப்பை அவளே திறக்க முடியாமல் போவதை நான் விரும்பவில்லை.

இப்போது வங்கு எல்லாம் நின்றுவிட்டது. பலகை அணியத்திலிருந்து வளையத்தின் அச்சுவரை வந்திருக்கிறது. வளையத்தின் ஒரு துண்டுக்குள், தரையில், 9 மீட்டர் வள்ளம் ஒன்று கிடக்கிறது. ஆள் உயரம், கூரை உயரம் சரிதானா என்று பார்க்க அளவுக்காக நான் வைத்தது. அப்பா கடைசியாகக் கட்டிய வள்ளத்தின் அளவு எனக்கு மனப்பாடம் என்பதால் அதையே வைத்தேன். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன்.

“எடுக்காதீங்க மாமா. அத கதையில சேத்துட்டேன்” என்றாள். “அவங்க தாத்தாவோட தாத்தா கொண்டு வந்தது. தண்ணியே இல்லாத எடத்துல அத வருசா வருசம் பழுது பாத்து வைப்பாங்க.”

அதனால் அந்த வள்ளத்தையும் இனி ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஏராவும் வங்கும் போட்டாயிற்று. பலகைக்கு நடுவே கலப்பத்துக் கோடு இன்னும் பாக்கி. சனிக்கிழமை அவள் வருவாள், அன்றைக்குப் போடுவோம்.